பழைய வெயிலும் மங்கையர்க்கரசியின் உயரமும்

ஐந்து கோடியே அறுபது லட்சம் வருடங்களுக்கு முந்திய வெயில் எங்கள் செம்பாறைப்பட்டியில் சென்ற வருடம் சித்திரை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. இன்னும் இரண்டு லட்சம் வருடம் அமலில் இருக்கும். நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஆணையை ஒட்டியிருக்கிறார்கள். பசை காய்ந்து தாளின் ஓரம் சுருண்டுவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது.

வெயில் எப்படி வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குவாரியில், நாற்பதடி ஆழத்தில், ஒரு சாண் கனத்துக்குச் சிவப்புக் களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் வெள்ளைக் கல். கல் முழுக்கக் கிளிஞ்சல். அந்த ஒரு சாணில் மட்டும் மருந்துக்குக்கூட ஒரு கிளிஞ்சல் கிடையாது. அந்தக் காலத்து வெயிலில் கடலே புளித்துப்போய் ஓடுகளையெல்லாம் கரைத்துவிட்டது. வெயில் தணிந்ததும் அதை மடித்து அந்தக் களிமண்ணுக்குள் வைத்து, மேலே கல்லைப் பரப்பி மூடியிருந்தார்கள். குவாரி வரைபடத்தில் அந்த அடுக்குக்கு நேராக ‘வெட்டக் கூடாது’ என்று எழுதியிருந்தது. குத்தகைக்காரர் சபாபதி வெட்டினார். வெட்டிய வாரமே மலைமேல் வீடு பார்த்துக் குடிபோய்விட்டார். அவருடைய உயரம் இன்றைக்கும் ஆறடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

ஆணையில் விளைவுகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்பு கரையும். இலைகளில் சத்துக் குறையும், அதனால் பூச்சிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்னும். மழை வந்தால் மொத்தமாக வரும், இல்லாவிட்டால் வராது. வட துருவத்தில் பனையும் முதலையும் அனுமதிக்கப்படும். குதிரைகள் முன்பு இருந்தது போலப் பூனையளவுக்கு வரும்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கிணற்று நத்தைகள் தங்கள் ஓடுகளை நகராட்சியில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டன. வாழையிலைகள் சல்லடைக் கண்ணாக வந்ததால் கல்யாணப் பந்திகளில் ரசம் நிறுத்தப்பட்டது. ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரை ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. வைகாசி முகூர்த்தத்தில் மாப்பிள்ளை அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஊர்வலம் வந்தார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். குதிரைக்கே பூனைக் காலம் வந்துவிட்டது.

மனிதர்களைப் பற்றி ஆணையில் தனியாக எதுவும் இல்லை. அந்த வெயில் முதல் தடவை அமலில் இருந்தபோது மனிதர் என்று ஓர் இனம் இல்லை. அதனால் எங்களைப் ‘பாலூட்டிகள்’ என்ற பொதுத் தலைப்பில் சேர்த்தார்கள். அந்தக் காலத்துக் குதிரை எந்த விதிப்படி சுருங்கியதோ அதுவே எங்களுக்கும். பத்துக்கு மூன்று பங்கு குறைய வேண்டும்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் காலத்துக் குதிரைக்குச் சுருங்குவதற்குப் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அப்பன் குதிரைக்கும் பிள்ளைக் குதிரைக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. எங்களுக்குக் கொடுத்தது பதினான்கு மாதம். ஆடி மாதம் தைத்த சட்டையின் கை ஐப்பசியில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. பழைய வெயிலைப் பழைய முறைப்படி கொண்டுவந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. சுருங்கினது எல்லாரும் அல்ல. ஊரில் ஏசி வைத்த வீடு நாற்பத்தொன்று. அந்த வீடுகளில் யாருக்கும் ஒரு விரற்கடை குறையவில்லை. அந்த ஏசிகளின் பின்பக்கம் தெருவைப் பார்த்துத்தான் ஊதியது. ஆகவே தெருவில் நடந்தவர்கள் தங்கள் பங்கோடு அவர்கள் பங்கையும் சேர்த்துச் சுருங்கினார்கள். கொத்தனார்கள், தார் போடுகிறவர்கள், தலையில் கூடை வைத்து விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் போனார்கள். அவர்களுக்கும் முன்னால் போனவர்கள் அடுப்படியில் நிற்கிறவர்கள். என் மனைவி செண்பகம் கார்த்திகை மாதமே அடுப்புக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க, வெளி வெயிலுக்குத்தானே ஆர்டர் போட்டாங்க? அடுப்புச் சூட்டையும் சேத்து எதுக்குக் கணக்குப் பாக்குறாங்க?” என்று கேட்டாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வீட்டுக்கு இளைத்தவள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நான் முத்திரை ஆய்வாளர். பெயர் ஞானசிகாமணி. கடைகளில் உள்ள தராசு, படிக்கல், துணிக்கடை மீட்டர், பெட்ரோல் பம்பு எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு தரம் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் பறிமுதல் செய்வேன். இருபத்தெட்டு வருட சர்வீஸ். என் பையில் எப்போதும் ஒரு பித்தளை மீட்டர் கோல் இருக்கும். அது அரசாங்க மீட்டர். அதை வைத்துத்தான் மற்ற மீட்டர்களை அளப்பேன். ஆள் பார்த்து அளவு மாறக் கூடாது என்று கடைக்காரர்களிடம் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வந்தவன் நான். வேலை முழுக்க வெளியில்தான். நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர் இருந்தவன் மாசி மாதத்தில் நூற்று முப்பத்திரண்டுக்கு வந்திருந்தேன். மீட்டர் கோல் அதே ஒரு மீட்டராக இருந்தது. பையில் வைத்தால் தரையில் இழுபட்டது.

எனக்கு ஒரே மகள். மங்கையர்க்கரசி. மங்கை என்று கூப்பிடுவோம். இருபத்து மூன்று வயது. சீருடை போடும் வேலைக்குத்தான் போவேன் என்று பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ரயில்வே கேட் வரைக்கும் ஓடுவாள். கல்யாணப் பேச்சு எடுத்த இரண்டு பேரை அவளே காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

வெயில் வந்த வருடமே அரசாங்கம் வெயில் காவல் படை என்று ஒரு புதிய படையை அமைத்தது. வெயில் குறைவில்லாமல் அமலாகிறதா என்று பார்ப்பதும், நிழல் இருக்கும் இடங்களில் கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதும் அதன் வேலை. எங்கள் ஊருக்குப் பெண்களுக்கு மட்டும் பன்னிரண்டு இடம். எழுத்துத் தேர்வில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக மங்கை வந்தாள். உடல் தகுதித் தேர்வு ஆனி மாதம். பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர். வெயில் வருவதற்கு முன் மங்கை நூற்று அறுபத்து நான்கு. விண்ணப்பம் போட்ட அன்று நூற்று அறுபத்து ஒன்று.

மிச்சம் இருந்தது நான்கு மாதம். கையிருப்பு இரண்டு சென்டிமீட்டர். அதை ஆனி வரை காப்பாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

காலை ஓட்டத்தை மூன்று மணிக்கு மாற்றினோம். பகல் முழுவதும் அவள் மாடிப்படிக்கு அடியில் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு படித்தாள். அடுப்படிப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது என்று செண்பகம் சொல்லிவிட்டாள். தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கக்கூட விடவில்லை. அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுக்க அவள்தான் முக்காலியிலிருந்து இறங்கி ஏறினாள்.

மத்தியானம் இரண்டு மணி நேரம்தான் ஆபத்தான நேரம். அதற்கு மெயின் ரோட்டில் ஒரு ஏடிஎம் இருந்தது. சின்ன அறை, நல்ல ஏசி. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் தங்கள் உயரத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘உயரம் காப்போர் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பணம் எடுப்போருக்கு வழி விடவும்.’ காவலாளி பிச்சாண்டி நாள் முழுக்க உள்ளேயே இருப்பதால் ஐந்தடி எட்டு அங்குலம் குறையாமல் இருந்தார். வெயிலுக்கு முன் அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டார். இப்போது எல்லாரையும் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் மங்கை விஷயத்தில் நல்ல மனிதர்.

“பாப்பா பரீட்சைக்குப் போகுது. கொஞ்சம் மெசினுக்குப் பின்னால நின்னுக்கட்டும் சார். நான் கண்டுக்கல” என்றார்.

மங்கை இயந்திரத்துக்குப் பின்னால் தினமும் நாற்பது நிமிடம் நின்றாள். அப்படியும் வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கழன்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளைச் சுவரில் நிறுத்தி நானே அளப்பேன். வீட்டுக்காரியும் மகளும் என் முகத்தையே பார்ப்பார்கள். ஒரு தடவையாவது கூட்டிச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு நூற்று ஐம்பத்தொன்பதரை இருந்தாள். அரை சென்டிமீட்டர் மிச்சம். செண்பகம் பாயசம் வைத்தாள். அன்று சாயங்காலம் ஏடிஎம் பழுதாகிவிட்டது. பழுது பார்க்க ஆள் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் வெயில் ஆணையில் குறிப்பிட்டதற்கு ஒரு டிகிரி கூடுதலாகவே அடித்தது.

தேர்வு மாவட்டத் தலைநகரில். அங்கேயும் இதே வெயில்தான் அமலில் இருந்தது. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தோம். மனிதன் காலையில் கொஞ்சம் உயரமாகவும் மாலையில் கொஞ்சம் குள்ளமாகவும் இருப்பான், படுத்திருந்தால் உயரம் கெடாது என்பது பயிற்சி மையங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதனால் மங்கை பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் ஒன்றரை டிக்கெட் கிழித்தார்.

“அரை யாருக்கு?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத்தான் தம்பி” என்றவர் என் மீசையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத்தான் ஐயா” என்று திருத்திக்கொண்டார். “படிக்கிட்ட கம்பியில கோடு இருக்கு பாருங்க. நூத்தி முப்பது. அதுக்குக் கீழ இருந்தா அரைதான். நான் என்ன பண்ணட்டும்?”

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அரசாங்க ஊழியன். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்துபோய்ப் பையிலிருந்து பித்தளைக் கோலை எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் அந்தக் கோட்டை அளந்தேன். கோடு பிசகியிருந்தால் பஸ்ஸையே பறிமுதல் செய்திருப்பேன். சரியாக நூற்று முப்பதில் இருந்தது. அதன் கீழ் நின்று பார்த்தேன். என் உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. அரை டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மங்கை கூரையைப் பார்த்தபடி, “விடுங்கப்பா” என்றாள்.

மைதானத்தில் முந்நூறு பெண்கள். எல்லாரும் படுத்திருந்தார்கள். அளக்கும் இடம்வரை படுத்தே போவதுதான் வழக்கம். ஆகவே வரிசை படுத்தவாக்கில் நகர்ந்தது. ஒவ்வொரு பெண்ணின் பாயையும் தகப்பன் தலைமாட்டிலும் தாய் கால்மாட்டிலும் பிடித்து, முன்னால் இருப்பவள் எழுந்ததும் ஒரு பாய் தூரம் இழுத்தார்கள். செண்பகத்தைப் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கிவிடுவாள் என்று வீட்டில் விட்டு வந்திருந்தேன். மங்கையின் பாயின் மறுமுனையைப் பக்கத்தில் இருந்த கோமளவல்லி என்ற பெண்ணின் அம்மா பிடித்துக் கொடுத்தார். அவர்களும் எங்கள் ஊர்தான். மாவு மில் வைத்திருக்கிறார்கள்.

பந்தலுக்குள் பெரிய காற்றுக் குளிரூட்டி ஒன்றுக்கு முன்னால் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் சேதுநாராயணன் ஆறடி இரண்டு அங்குலம். குழுவில் ஒருவரும் ஐந்தே முக்கால் அடிக்குக் குறைவில்லை. எல்லாரும் வெளியூர். அவர்கள் ஊர்களில் பழைய வெயில் இன்னும் அமலுக்கு வரவில்லை.

மங்கை மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குப் பாயிலிருந்து எழுந்து கோலுக்குக் கீழே நின்றாள். மூச்சைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினாள். குறுக்குச் சட்டம் தலையில் வந்து தொட்டது.

“நூத்தி அம்பத்தேழு புள்ளி எட்டு. அடுத்தது.”

பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைவு. பருப்புக் கரண்டியின் காம்பு அகலம்கூட இருக்காது. அதற்காக நாலு மாதம் ஈரச்சாக்கில் கிடந்தாள் என் பெண்.

நான் பந்தலுக்குள் போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் தலை உயரத்துக்குக் கீழே வந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

“ஐயா, இந்த ஊர் வெயில்ல இந்த ஊர்க்காரங்க சுருங்கித்தான் ஆகணும்னு ஆர்டர் போட்டது நீங்க. சுருங்கினவ வேலைக்கு ஆக மாட்டான்னு சொல்றதும் நீங்க. இது என்ன நியாயம்?”

சேதுநாராயணன் குனிந்து காது கொடுத்தார். அவர் குனிந்ததைப் பெருந்தன்மை என்று பக்கத்தில் இருந்தவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

“இந்த வெயில் இதுக்கு முன்னாலயும் வந்திருக்குங்க. இயற்கையா வர்றதுதான். அப்ப யாராவது குறை சொன்னாங்களா?” என்றார்.

“அப்ப குறை சொன்னவங்க எல்லாம் கல்லுக்குள்ள இருக்காங்கய்யா. குவாரியில வந்து பாருங்க. அதுவும் அந்தச் செவப்பு அடுக்குல பாக்காதீங்க. அங்க ஓடுகூட மிஞ்சல.”

அவர் எதிரில் இருந்த பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தார். நான் விடவில்லை.

“சரி. ஊர் முழுக்க அந்த வெயில் அமலில் இருக்குதில்ல? அப்ப உங்க கோலும் சுருங்கணுமே. மனுஷன் சுருங்குற ஊர்ல கோல் மட்டும் எப்படி அதே நீளத்துல நிக்குது?”

குழுவில் இருந்த சட்ட ஆலோசகர் ஆணையை விரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “அளவுகோல் பாலூட்டி அல்ல” என்றார்.

விதி அப்படித்தான் இருந்தது. நானும் படித்திருக்கிறேன்.

அப்போதுதான் சேதுநாராயணன் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் கோலைப் பார்த்தார். முத்திரை ஆய்வாளரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு. ஒரு அதிகாரியே வந்திருக்கார். கோல்ல சந்தேகம் இருந்தா இவரே சோதிச்சுச் சொல்லட்டும். தப்புன்னு சொன்னா இன்னைக்குத் தேர்வையே ரத்து பண்ணிடறேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

முந்நூறு பெண்களும் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். மங்கை மட்டும் பார்க்கவில்லை. அவள் மைதானத்தின் ஓரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிக் கோலைச் சோதித்தேன். மேலிருந்து கீழ் ஒரு தரம். கீழிருந்து மேல் ஒரு தரம். கோலின் அடியில் என் முத்திரையே இருந்தது. தை மாதம் நானே குத்தியது. வெளிச்சத்தில் பிடித்து மூன்றாவது தரமும் பார்த்தேன். ஒரு பொய் போதும். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சபாபதி ‘வெட்டக் கூடாது’ என்ற எழுத்தையே படித்துக்கொண்டு வெட்டினவன், மலைமேல் நிம்மதியாக ஆறடியில் படுத்துத் தூங்குகிறான். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

“கோல் சரி” என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆனால் ஆத்திரத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. “கோல் சரிதான். ஆனா அது சரியா இருக்கறது இருபது டிகிரியில. அது இரும்புக் கோல். இங்க நாப்பத்தேழு டிகிரி. சூட்டுல கோல் நீளும். நீண்ட கோல்ல அளந்தா ஆள் குறைச்சலாத்தான் தெரியும். இந்த உயரத்துக்கு அரை மில்லிமீட்டர் வரும். அதை நீங்க எல்லாருக்கும் கூட்டிக் கொடுக்கணும். இது என் வீட்டு விதி இல்ல, அரசாங்க விதி.”

குழு கூடிப் பேசியது. இதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. தேர்வர்கள் அனைவருக்கும் அரை மில்லிமீட்டர் வழங்குவதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டினார்கள். தலைவர் என்னுடன் கைகுலுக்கினார். அதற்கு அவர் மண்டியிட வேண்டியிருந்தது.

அரை மில்லிமீட்டரால் மங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றரை மில்லிமீட்டர் பாக்கி. ஆனால் மாவு மில் கோமளவல்லி கோட்டுக்கு மயிரிழை கீழே நின்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். அவள் தேறிவிட்டாள். முந்நூறு பேரில் அதனால் தேறியவள் அவள் ஒருத்திதான். ஓடி வந்து, “மாமா, உங்களாலதான் மாமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றாக இரும்மா என்றேன். மனதார அல்ல. அப்புறம் மனதாரவும் சொன்னேன். மாவு மில் சூட்டில் நின்று நின்று அவளும்தான் என்ன பாடுபட்டாளோ.

மீதிப் பதினோரு இடங்களையும் இந்த வெயில் எட்டாத மலையூர்ப் பெண்கள் பிடித்தார்கள். எங்கள் ஊர் வெயிலைக் காவல் காக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு உயரம் போதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மங்கை உட்கார்ந்து வந்தாள். இனிமேல் படுக்க அவசியம் இல்லை.

“அப்பா, கோல் சரியாத்தானே இருந்துச்சு?”

“சரியாத்தாம்மா இருந்துச்சு.”

“அப்ப சரி” என்றாள். கொஞ்சம் கழித்து, “தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல” என்றாள்.

மறுநாளே மேல்முறையீடு எழுதினேன். ஏழு பக்கம். குதிரைக்குக் கொடுத்த பத்தாயிரம் வருடத்தைப் பற்றி இரண்டு பக்கம், சபாபதியைப் பற்றி ஒரு பக்கம், ஏசிகளின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு பக்கம், செண்பகத்தின் முக்காலியைப் பற்றி அரைப் பக்கம். மீதியெல்லாம் மங்கை. செண்பகம் பக்கத்தில் நின்று, “இன்னும் காரமா எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முழுதும் நிராகரிக்கவில்லை. மனுதாரரின் மகளுக்கு உயரத்தில் தளர்வு அளிக்க விதியில் இடமில்லை. ஆனால் வயதில் தளர்வு அளிக்க இடமுண்டு. மனுவைக் கனிவுடன் பரிசீலித்ததில், அவருக்கு இரண்டு லட்சம் வருட வயதுத் தளர்வு வழங்கப்படுகிறது. வெயில் விலக்கிக்கொள்ளப்படும் காலத்தை ஒட்டி நடைபெறும் தேர்வில் அவர் நேரடியாகக் கலந்துகொள்ளலாம், எழுத்துத் தேர்வு மீண்டும் எழுத வேண்டியதில்லை. தேதியும் நேரமும் இடமும் கொடுத்திருந்தார்கள். அதே மைதானம். காலை ஒன்பது மணி. தாமதமாக வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

மங்கை கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அடுத்த நாள் மூன்று மணிக்கு எழுந்து வழக்கம்போல ரயில்வே கேட் வரை ஓடிவிட்டு வந்தாள். அப்போது அவள் நூற்று ஐம்பத்தாறு.

நான் ஆணையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் மில்லிமீட்டர் பார்த்த கண். எனக்குத்தான் அது தட்டுப்பட்டது. வெயில் விலக்கிக்கொள்ளப்படுவது ஒரு திங்கட்கிழமை, விடிகாலை ஆறு மணிக்கு. தேர்வு அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. அதாவது வெயிலின் கடைசி நாள். இரண்டு லட்சம் வருடம் காத்திருந்து போய் நின்றாலும் அன்றைக்கும் என் பெண் குள்ளமாகத்தான் இருப்பாள். ஒரே ஒரு நாள். அதைத் தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா?

தேர்வை ஒரு நாள் தள்ளிவைக்கக் கோரி அன்றே பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வரவில்லை. மாதாமாதம் நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறேன். மேசை எட்டவில்லை என்பதால் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து முன்னைவிட அழுத்தமாக விழுகிறது என்று செண்பகம் சொல்கிறாள்.

தள்ளிவைக்காவிட்டாலும் போகாமல் இருக்கப்போவதில்லை. அன்றைக்கு அந்தக் கோலையும் நான் ஒரு தரம் சோதிக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தே முக்கால் பஸ் ஓடாது. முதல் பஸ் எட்டரைக்குத்தான். அது ஒன்பதுக்குள் போய்ச் சேராது. அதனால் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு டிப்போவில் சொல்லிக் கடைசி நீள சீட்டைக் குறித்து வைத்திருக்கிறோம். மங்கைக்கு ஒரு முழு டிக்கெட். எனக்கும் செண்பகத்துக்கும் இரண்டு அரை.